கைத்தொழில் பயிற்சி நம்ம வாசலுக்கு வந்த கதை

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். நெய்வேலி நகரியத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் குடும்பம் நடத்துறேன். மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதிக் கொடுன்னு கேட்டாங்க. ராஜா ராணி வரலாறு புத்தகத்தில் நிறைய இருக்கு. நம்ம வீட்டுப் பிள்ளைங்க ஒரு கைத்தொழில் கத்துக்க இந்த நாட்டில் எப்படி எப்படி வழி வந்தது என்பதும் ஒரு வரலாறுதான். அதை எழுதுறேன்.

முதல்ல நம்ம ஊர்க் கதை. 1935-ல் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு போட்டப்போ தண்ணீரோட கறுப்பா ஒரு பொருள் வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் என்.எல்.சி. நிறுவனம் உருவாச்சு. 1957 மே 20-ம் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரி வெளியே தெரிந்தது. 1962-ல் ரஷ்ய உதவியோட கட்டின அனல் மின் நிலையத்தில் முதல் யூனிட் ஓடத் தொடங்கியது. மண்ணை வெட்டுற பெரிய சக்கர மெஷின்கள் ஜெர்மன் நாட்டுத் தொழில்நுட்பம்.

மெஷின் வந்தால் அதை ஓட்டவும் கழற்றி மாட்டவும் பழகின கை வேணும். நிலம் கொடுத்த நம்ம ஜனங்களுக்கு ஏர் ஓட்டத் தெரியும், நாற்று நடத் தெரியும், முந்திரிக்கொட்டை உடைக்கத் தெரியும். வெல்டிங் தெரியாது, லேத் தெரியாது. "தொழில் தெரிஞ்சவங்க குவார்ட்டர்ஸுக்குப் போனாங்க, தெரியாதவங்க மண் சுமக்கப் போனோம்" என்று எங்க மாமியார் சொல்லுவாங்க. குவார்ட்டர்ஸில் கரண்டு, குழாய்த் தண்ணீர், பள்ளிக்கூடம். வெளியே ஓரமா குடிசை போட்ட குடும்பங்களுக்கு அன்றாடக் கூலி. இரண்டுக்கும் நடுவுல இருந்தது ஒரு சர்டிபிகேட்தான்.

அந்த சர்டிபிகேட்டுக்கு அப்பவே வழி இருந்தது என்பதுதான் விஷயம். ஐ.டி.ஐ. என்று நாம சொல்ற தொழிற்பயிற்சித் திட்டத்தை மத்திய அரசு 1950-லேயே தொடங்கிவிட்டது. நிலக்கரி தெரிந்த அதே 1961-ல் அப்ரண்டிஸ் சட்டமும் வந்தது. பெரிய தொழிற்சாலைகள் இளம்பிள்ளைங்களைச் சேர்த்து, உதவித்தொகை கொடுத்து, வேலை பழக்கணும் என்பது அந்தச் சட்டம். நகரியத்தில் 20-ம் வட்டத்தில் இருக்கிற என்.எல்.சி. பயிற்சி மையத்துக்கு இன்றைக்கும் ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன், வெல்டர் அப்ரண்டிஸுக்குப் பிள்ளைங்க மனு போடுறாங்களே, அதுக்கு வேர் அந்தச் சட்டம்தான். ஆனால் ஐ.டி.ஐ.யில் சேரவே எட்டாவது, பத்தாவது படிப்பு வேணும். மண் சுமந்த வீட்டில் எத்தனை பிள்ளை அதுவரைக்கும் படித்தது? வழி இருந்தும் நடக்க முடியலை.

அடுத்தது, கிராமத்துப் பிள்ளைங்களுக்கு 1979-ல் டிரைசெம் என்று ஒரு திட்டம் வந்தது. 18 வயது முதல் 35 வயது வரை உள்ளவங்க சொந்தத் தொழில் செய்யப் பயிற்சி. 1982-ல் கர்நாடகாவில் உஜிரே என்ற ஊரில் தர்மஸ்தலா கோயில் நிர்வாகமும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து, சாப்பாடு போட்டு, தங்க வைத்து, இலவசமாத் தொழில் கற்றுத் தர ஒரு நிலையம் தொடங்கினாங்க. அதைப் பார்த்துத்தான் பின்னாடி மாவட்டத்துக்கு ஒன்று என்று வங்கிகள் நடத்துற ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் வந்தது.

பட்டணத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளைங்களுக்கு 1997-ல் ஒரு திட்டமும், 2013-ல் நகர்ப்புற வாழ்வாதார இயக்கமும் வந்தது. கிராமத்துக்கு 2014-ல் தீனதயாள் உபாத்யாயா திட்டம். இதில் பெண்களுக்கு 45 வயது வரைக்கும் இடம் உண்டு. இந்தக் கிராமத் திட்டத்தை நம்ம மகளிர் திட்ட அலுவலகம்தான் பார்க்குது.

நம்ம கதையும் இதோட பின்னிக்கிடக்கு. 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில்தான் நம்ம மாதிரி குழுக்களை அரசு முதன்முதலா ஆரம்பித்தது. 1997-98-ல் மகளிர் திட்டமா மாநிலம் முழுக்கப் பரவியது. நாம சேமிப்பு, கடன் என்று பேசிப் பேசி பழகிட்டோம். பயிற்சி என்று வந்தால் பெரும்பாலும் தையல்தான் பேசுறோம். தையல் நல்ல தொழில்தான், குறை சொல்லலை. ஆனால் மெஷினும் மின்சாரமுமா இருக்கிற ஊரில் பெண் பிள்ளை எலக்ட்ரீஷியன் ஆகக் கூடாதா? நெய்வேலியில் அரசு ஐ.டி.ஐ. இருக்கு. கடலூரில் பெண்களுக்கென்றே தனி ஐ.டி.ஐ. இருக்கு. தமிழ்நாட்டு ஐ.டி.ஐ.யில் பெண்கள் சேர வயது உச்சவரம்பே கிடையாது. அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளை ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால், 2022 செப்டம்பரில் தொடங்கின புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வருது.

எங்க குழுவில் ஓர் அக்கா. நகரியத்து ஓரக் குடிசையில் இருக்காங்க, வீட்டு வேலைக்குப் போறவங்க. மகள் எலக்ட்ரீஷியன் பிரிவில் சேர்ந்தாள். மூணாம் மாசமே நின்னுட்டாள். பீஸ் காரணம் இல்லை. பஸ்ஸுக்குக் காசு இல்லை, பயிற்சிக்குப் போட ஷூ இல்லை, அம்மா வேலைக்குப் போனால் சின்னத் தம்பியைப் பார்க்க ஆள் இல்லை. இதைக் கூட்டத்தில் அக்கா வாய் விட்டுச் சொன்னதே பெரிய விஷயம். குழுவிலிருந்து 3,000 ரூபாய் உள்கடன் கொடுத்தோம். தம்பியை நாலு வீடு மாற்றி மாற்றிப் பார்த்துக்கிட்டோம். அவள் திரும்பப் போய் பரீட்சை எழுதி பாஸ் ஆனாள். இப்போ அப்ரண்டிஸா இருக்காள்.

1950-லிருந்து பார்த்தால் அரசாங்கம் திட்டத்துக்கு மேல திட்டம் போட்டிருக்கு. திட்டம் பயிற்சி நிலையத்தின் கதவு வரைக்கும்தான் வரும். குடிசையிலிருந்து அந்தக் கதவு வரைக்கும் உள்ள தூரம் இருக்கே, அதுக்கு எந்தத் திட்டத்திலும் ஆள் போடலை. அந்த ஆள் குழுதான்.

அதனால என் வேண்டுகோள். வருஷா வருஷம் பத்தாவது ரிசல்ட் வந்ததும் ஒவ்வொரு குழுவும் ஒரு கணக்கு எடுக்கணும். யார் வீட்டுப் பிள்ளை பாஸ், யார் பெயில், யார் பாதியில் நின்னது என்று தீர்மான நோட்டில் எழுதணும். பெயில் ஆனாலும் எட்டாவது தகுதியில் சேரக்கூடிய பிரிவு ஐ.டி.ஐ.யில் உண்டு என்று அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லணும். சேர்ந்த பிள்ளை மூணு மாசம் கழித்தும் போகுதா என்று கேட்கணும். கடன் தவணையை மறக்காம கேட்கிற நாம இதையும் கேட்கலாமே.

அடுத்த மலரில் இந்த ஊர் வரலாற்றை நம்ம பிள்ளை ஒருத்தர் எழுதட்டும்.