ஒரே முகம், இரண்டு தாள்: சென்னை ஸ்டில்லும் சிவகாசி அச்சும்

பழைய திரை நட்சத்திரங்களின் படங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் கையில் இரண்டு வகைத் தாள்கள் வந்து சேர்கின்றன. ஒன்று, படப்பிடிப்புத் தளத்தில் எடுத்து புரோமைடு தாளில் கழுவிய கறுப்பு வெள்ளைப் புகைப்படம். திரையுலகத்தார் அதை ஸ்டில் என்பார்கள். மற்றொன்று சிவகாசியில் வண்ணத்தில் அச்சானது. காலண்டர் அட்டை, தீப்பெட்டி லேபிள், மத்தாப்புப் பெட்டியின் மேலட்டை, பள்ளி நோட்டின் உறை என்று வீடு வீடாகப் போனது. சேகரிப்பாளர் சந்தையில் ஸ்டில்லுக்குத்தான் மரியாதை. அதுதான் மூலம், சிவகாசிப் படம் வெறும் நகல் என்று பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள்.

இந்த ஏற்றத்தாழ்வு நியாயமில்லை என்பது என் கருத்து. ஸ்டில் ஒரு படம் எப்படி உருவானது என்பதற்குச் சாட்சி. சிவகாசி அச்சு, அந்த முகத்தை மக்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்குச் சாட்சி. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தமிழ்த் திரை வரலாற்றை எழுதினால் பாதி விடுபட்டுப்போகும். இரண்டையும் சில அளவுகோல்களில் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கலாம்.

பிறந்த விதம்

ஸ்டில் என்பது ஓடும் படச்சுருளிலிருந்து வெட்டி எடுத்த துண்டு என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியில்லை. ஒரு ஷாட் இயக்குநருக்குத் திருப்தியாக முடிந்ததும் ஸ்டில் எடுக்க அழைப்பு வரும். ஸ்டில் புகைப்படக்காரர் தன் கேமராவோடு முன்னே வருவார். நடிகர்கள் அதே பாவனையை அவருக்காக மறுபடி பிடித்து, அசையாமல் நிற்பார்கள். ஆக, திரையில் நாம் பார்க்கும் நொடியும் ஸ்டில்லில் உறைந்த நொடியும் ஒன்றல்ல. அந்தக் காலப் படங்களின் பெயர்ப்பட்டியலில் ஆர்.என். நாகராஜ ராவ் போன்ற ஸ்டில் புகைப்படக்காரர்களுக்குத் தனி இடம் கிடைத்தது இந்தத் தனி உழைப்புக்காகத்தான். காட்சி ஸ்டில் தவிர, நடிகரை ஸ்டுடியோவில் உட்காரவைத்து எடுத்த முகப் படங்களும் உண்டு. விளக்கு, மைக், கேமரா, குடை பிடித்து நிற்கும் உதவியாளர் எல்லாம் தெரியும் வொர்க்கிங் ஸ்டில்களும் உண்டு. இவை விநியோகஸ்தருக்கும் பத்திரிகை அலுவலகத்துக்கும் போயின. கொட்டகை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் இடம்பிடித்தன.

சிவகாசி அச்சின் பிறப்பு சினிமாவில் இல்லை, நெருப்பில் இருக்கிறது. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். மழை குறைந்த கரிசல் பூமியில் அந்தத் தொழில் வேர்பிடித்தது; பட்டாசுத் தொழிலும் பின்தொடர்ந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும்; பட்டாசுக்குச் சுற்றுத்தாள் வேண்டும். அவற்றை வெளியூரில் அடித்து வாங்குவதைவிட ஊரிலேயே அடிப்பது லாபம். லித்தோ அச்சகங்கள் வந்தன, பிறகு ஆப்செட் வந்தது. தீக்குச்சி மருந்து காய்வதற்கு உதவிய அதே வறண்ட காற்று அச்சு மை காய்வதற்கும் உதவியது. லேபிள் அடித்த கையே காலண்டரும் அடித்தது.

காலண்டருக்கு ஓவியம் கோவில்பட்டியிலிருந்து வந்தது. சென்னை ஓவியப் பள்ளியில் படித்த கொண்டையராஜு (1898–1976) நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்தவர். கோவில்பட்டியில் தேவி ஆர்ட் ஸ்டுடியோவை நிறுவியவர். அவரும் சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி வழியாக நாடெங்கும் போயின. பின்னால் மாளிகை அல்லது மலை, முன்னால் நேராக நம்மைப் பார்த்து நிற்கும் உருவம் என்ற அந்த அமைப்பு நாடக மேடையிலிருந்து தெய்வப் படத்துக்கு வந்தது. நடிகர் படங்களை அச்சுக்குத் தயாரித்தபோதும் பெரும்பாலும் இதே அமைப்பு கைகொடுத்தது.

நிழலும் நிறமும்

முதல் முழு நீள வண்ணப் படம் தமிழில் வந்தது 1956-ல், மாடர்ன் தியேட்டர்ஸின் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. அதன் பிறகும் பல ஆண்டுகள் பெரும்பாலான படங்கள் கறுப்பு வெள்ளையில்தான் வந்தன. ஸ்டில்லும் அப்படியே. அதன் பலம் ஒளியில் இருக்கிறது: கன்னத்தில் விழும் நிழல், ஜரிகையின் மினுக்கம், வியர்வையில் மேக்கப் கலைந்த நெற்றி.

அச்சுக்குப் போகும்போது அந்த முகம் வேறாகிறது. ரீடச் செய்பவர் சுருக்கத்தை அழிக்கிறார், உதட்டைச் சிவப்பாக்குகிறார், சேலைக்குத் தனக்குப் பிடித்த நிறம் கொடுக்கிறார். அந்த நிறத்தை நம்பி, குறிப்பிட்ட நடிகை குறிப்பிட்ட படத்தில் பச்சைப் பட்டு உடுத்தினார் என்று எழுதினால் தவறாகிவிடும். ஆனால் எந்த நிறம் கொடுத்தால் மக்கள் சுவரில் மாட்டுவார்கள் என்று அந்த ஓவியருக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு ஸ்டில்லில் கிடைக்காது. உடையைப் பற்றிய தகவலுக்கு ஸ்டில்லை நம்ப வேண்டும்; ரசனையைப் பற்றிய தகவலுக்கு அச்சை நம்ப வேண்டும்.

யாருக்கு இடம்?

இங்கே ஸ்டில்லின் கை ஓங்குகிறது. விருதுநகர்க்காரரான நடிகர் வி.கே. ராமசாமியை எடுத்துக்கொள்வோம். 1947-ல் வந்த ‘நாம் இருவர்’ படத்தில் இருபது வயதுச் சொச்சத்தில் முதியவர் வேடம் போட்டவர் அவர். அந்த ஒப்பனை எப்படி இருந்தது, இளைஞர் ஒருவர் எப்படிக் கூனி நின்றார் என்பதெல்லாம் ஸ்டில்லில் பதிவாகும். காலண்டர் அட்டையோ நாயகனையும் நாயகியையும் தேடியது. குணச்சித்திர நடிகருக்கும் நகைச்சுவை நடிகருக்கும் அதில் இடம் குறைவு. சொந்த மாவட்டத்துச் சிவகாசியின் அச்சு இயந்திரம்கூட இந்தக் கணக்கை மாற்றவில்லை.

தளங்களின் கதையும் இதுதான். ஜெமினி ஸ்டுடியோவில் ‘சந்திரலேகா’வின் (1948) முரசு நடனத்துக்காக எழுப்பிய அரங்கு இன்று இல்லை, அந்த ஸ்டுடியோவும் இல்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் முகப்பு வளைவுதான் மிச்சம். விளக்குகளை எங்கே கட்டினார்கள், தூண்களை எப்படி நிறுத்தினார்கள் என்று அறிய வொர்க்கிங் ஸ்டில்தான் வழி. படமே தொலைந்துபோனால் ஸ்டில்லின் மதிப்பு இன்னும் கூடுகிறது. தமிழின் முதல் பேசும் படமாகச் சொல்லப்படும் ‘காளிதாஸ்’ (1931) பிரதி கிடைக்கவில்லை. எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்துப் பெரும் வெற்றி பெற்ற ‘சிந்தாமணி’யும் (1937) கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட படங்களுக்கு நம்மிடம் எஞ்சியிருப்பவை விளம்பரம், பாட்டுப் புத்தகம், சில நிழற்படங்கள் மட்டுமே.

யாருடைய பெயர்?

ஸ்டில்லைத் திருப்பிப் பார்த்தால் சில சமயம் எடுத்தவரின் ரப்பர் முத்திரை இருக்கும். பத்திரிகை அலுவலகத்தார் பென்சிலில் எழுதிய அளவுக் குறிப்பும் தேதியும் இருக்கும். சிவகாசி அச்சில் புகைப்படக்காரர் பெயரைத் தேடுவது வீண். அடி ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ‘சிவகாசி’ என்ற சொல்லும் இருக்கும். அச்சிட்டவர் பெயரும் இடமும் தாளில் இருக்க வேண்டும் என்று 1867-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் விதித்ததால் வந்த வழக்கம் இது. காப்பதற்காக ஓரத்தை வெட்டிச் கண்ணாடிச் சட்டம் போடுகிறவர்கள் அந்தத் தாளின் பிறப்புச் சான்றிதழை வெட்டி எறிகிறார்கள்.

இரண்டிலும் பெயர் வராதவர்கள் ஏராளம். இருட்டறையில் நின்று படம் கழுவிய உதவியாளர், நிறம் பிரித்த ஓவியர், லேபிளைப் பெட்டியில் ஒட்டிய பெண்கள். அந்த ஒட்டும் வேலையில் குழந்தைகளும் இருந்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் முக்கியமான தீர்ப்பை வழங்கியது. அழகான பழைய லேபிளைக் கையில் எடுக்கும் சேகரிப்பாளர் இந்த வரலாற்றையும் சேர்த்தே எடுக்கிறார்.

ஒரு புகைப்படம் அச்சேறியபோது

இரண்டு தாளும் ஒன்றையொன்று எப்படிச் சார்ந்திருக்கின்றன என்பதற்கு 1967 நல்ல சான்று. அந்த ஆண்டு ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆரை நடிகர் எம்.ஆர். ராதா சுட்டார். கழுத்தில் கட்டோடு மருத்துவமனையில் எடுத்த எம்.ஜி.ஆரின் படம் தேர்தல் சுவரொட்டியாகத் தமிழ்நாடெங்கும் ஒட்டப்பட்டது. பிரசாரத்துக்குப் போகாமலே அவர் பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். அதே தேர்தலில் காமராஜர் தன் சொந்த ஊரான விருதுநகரில் தோற்றார். அந்தத் தோல்விக்கு அரிசி, மொழிப் போராட்டம் என்று பல காரணங்கள் உண்டு; சுவரொட்டி ஒன்றே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மருத்துவமனையில் எடுத்த ஒரு புகைப்படம் அரசியல் வலிமை பெற்றது அச்சில் பெருகிய பிறகுதான். பத்து ஆண்டு கழித்து, 1977-ல், இன்றைய விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்றே எம்.ஜி.ஆர் முதலமைச்சரானார். நடிகரின் முகம் வீட்டுச் சுவரில் பழகியதற்கும் அந்த வெற்றிக்கும் உள்ள உறவை ஆராய நினைப்பவருக்கு ஸ்டில் மட்டும் போதாது.

எது அரிது?

ஆயிரக்கணக்கில் அடித்ததால் சிவகாசிப் படம் எளிதில் கிடைக்கும் என்று தோன்றும். நடைமுறை நேர்மாறு. ஸ்டில்லை எண்ணிச் சில பிரதிகளே போட்டாலும் யாராவது ஒருவர் ஆல்பத்தில் பத்திரப்படுத்தினார். காலண்டரை ஆண்டு முடிந்ததும் கழற்றி எறிந்தார்கள். அட்டையைக் குழந்தைகள் நோட்டுக்கு உறை போட்டார்கள். மத்தாப்புப் பெட்டியின் கதி தீபாவளி மறுநாள் குப்பைமேட்டில் தெரியும். சரவெடியின் சுற்றுத்தாளோ எரிவதற்கென்றே பிறந்தது. எண்ணிக்கையில் மிகுந்த பொருளே முதலில் அழிகிறது. ஒவ்வொருவரும் மற்றவர் வைத்திருப்பார் என்று விட்டுவிடுவதுதான் காரணம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு சிவகாசியிலேயே இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கை ஒட்டி அச்சகங்கள் மறு ஆண்டுக்கான காலண்டர் மாதிரி ஆல்பங்களை வெளியிடுகின்றன. வியாபாரிகளிடம் காட்டி ஆர்டர் பிடிப்பதற்கான தொகுப்பு அது. ஆண்டு, வரிசை எண், அச்சகம் எல்லாம் தெளிவாக இருக்கும். அட்டையிலிருந்து தாள் கட்டு கிழிந்துபோன தினசரி காலண்டருக்குக் காலம் கணிக்க இதைவிடச் சிறந்த துணை கிடையாது.

அறிவதும் காப்பதும்

இணையத்தில் எடுத்த படத்தைப் புதிதாக அடித்துப் பழசு என்று விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். உண்மையான புகைப்படத்தில் சாம்பல் நிறம் ஒரே சீராக இறங்கும்; ஆப்செட்டில் நுண்புள்ளிகள் வரிசை கட்டும்; இன்க்ஜெட்டில் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். பழைய புரோமைடில் கருமையான இடங்களில் வெள்ளி மினுமினுப்பு ஏறியிருக்கும். பிளாஸ்டிக் பூசிய புகைப்படத் தாள் பரவலானது 1970களில்தான். அந்தத் தாளில் இருப்பதை 1950-ல் போட்ட பிரதி என்று யாராவது நீட்டினால் வாங்க வேண்டாம்.

காக்கும் முறையில் இரண்டும் வேறு வேறு எதிரிகளைக் கொண்டவை. கடற்கரைச் சென்னையில் ஈரமும் பூஞ்சையும் ஸ்டில்லைத் தின்னும். கரிசல் வெயிலில் அச்சின் சிவப்பும் மஞ்சளும் வெளுக்கும். காலண்டரின் தகரப் பட்டை துருவேறித் தாளில் இறங்கும். ஒட்டும் ஆல்பமும் செல்லோ டேப்பும் லேமினேஷனும் இரண்டுக்கும் பகை. பட்டாசுப் பெட்டி சேர்ப்பவர்கள் காலிப் பெட்டியை மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும். மருந்துள்ள பழைய வெடி வீட்டில் இருக்கக் கூடாது. இன்னொன்று: தாள் நம்முடையது என்பதால் அச்சிடும் உரிமையும் நம்முடையது ஆகிவிடாது. இந்தியச் சட்டப்படி புகைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும்.

சேர்த்து வைத்த இருவர்

இந்த ஒப்பீட்டுக்குப் பொருத்தமாக இரண்டு பெரியவர்கள் நம்மிடையே வாழ்ந்தார்கள். ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன் ‘நாடோடி மன்னன்’ (1958) காலத்தில் திரைப்படச் செய்தித் தொடர்பாளராகத் தொடங்கி, வாழ்நாள் முழுவதும் ஸ்டில்களையும் தகவல்களையும் திரட்டினார், 2016-ல் மறைந்தார். அவருடைய சேகரிப்பைத் தமிழக அரசே வாங்கியது. கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை ஓவியர். மற்றவர் தூக்கி எறிந்த துண்டு நோட்டீசையும் பாட்டுப் புத்தகத்தையும் அரிய நூல்களோடு ஒன்றாக மதித்துச் சேர்த்தார். அவர் மறைந்த பின் 1994-ல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகம் அந்தச் சேகரிப்பின் மேல் எழுந்தது. ஒருவர் திரையுலகின் உள்ளே நின்று சேர்த்தார், மற்றவர் தெருவில் நின்று சேர்த்தார். இன்று தமிழ் சினிமாவை ஆராய்பவருக்கு இருவரின் உழைப்பும் தேவைப்படுகிறது.

ஸ்டில்லைக் காக்க ஆட்களும் காப்பகங்களும் அமைந்துவிட்டன. சேகரிப்பாளர் ஜான் கோபல் ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் கைவிட்ட முகப் படங்களை மீட்டு அவற்றுக்குக் கலைத் தகுதி தேடித்தந்தார். புனேயில் 1964-ல் தொடங்கிய தேசியத் திரைப்படக் காப்பகம் நம் நாட்டு ஸ்டில்களையும் காக்கிறது. சிவகாசி அச்சு இன்னும் அப்படியொரு வீட்டுக்காகக் காத்திருக்கிறது. அதை அமைக்க வேண்டிய இடம் விருதுநகர் மாவட்டம்தான். அச்சகங்கள் ஆண்டுக்கொரு மாதிரி ஆல்பத்தைக் கொடுத்தால் போதும், கல்லூரி ஒன்று ஓர் அறையை ஒதுக்கினால் போதும். ஒவ்வொரு அச்சுக்கும் அருகில் அது பிறந்த ஸ்டில்லைத் தேடி வைத்து, எடுத்தவர், திருத்தியவர், அடித்தவர் பெயர்களை ஒரே அட்டையில் எழுத வேண்டும். ரீடச் மேசையிலும் லித்தோ இயந்திரத்திலும் வேலை பார்த்த மூத்தவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதிவிட வேண்டிய வேலை இது.