குடற்பிணியும் இயற்கை மருத்துவமும்: ஜவ்வாது மலை உணவை முன்வைத்து ஓர் ஆய்வு

ஜவ்வாது மலை இந்நாளில் திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்னும் மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கின்றது. சேயாறு பிறப்பது இம்மலையில். மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள் இங்குச் சாமை விளைத்தும், தேனும் கடுக்காயும் திரட்டியும் வாழ்ந்து வருகின்றனர். இம்மூன்று பொருள்களும் அண்மைக் காலத்தில் நகரத்தார் நாவில் பெரிதும் வழங்குகின்றன. மலையுணவுக்கு மீண்டால் குடற்பிணி தீரும் என்றும், பண்டைத் தமிழர் கண்ட இயற்கை மருத்துவம் அதுவே என்றும் ஒருசாரார் கூறுவர். இக்கூற்று எத்துணை வலிவுடையது என்பதை இலக்கியச் சான்றும் மருத்துவ வரலாறும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பிணியுற்றோர் இதனை நம்பி ஒழுகுதலின், இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று.

முதற்கண் பிணி இன்னதென வரையறுத்தல் வேண்டும். இந்நாள் மருத்துவர் 'குடல் எரிச்சல் நோய்த்தொகுதி' எனக் குறிப்பது, குடலில் புண்ணோ கட்டியோ காணப்படாதிருக்கவும் வயிற்று வலியும் மலங்கழியும் முறையில் மாற்றமும் மீண்டும் மீண்டும் தோன்றும் நிலையாகும். 1978 இல் மானிங் முதலியோர் இதனைக் குறிகளால் வரையறுத்தனர். 2016 இல் வெளிவந்த நான்காம் உரோம் வரையறையின்படி, கடந்த 3 மாதங்களில் வாரத்துக்கு ஒரு நாளேனும் வலி இருத்தல் வேண்டும். அவ்வலி மலங்கழித்தலோடு தொடர்புறுதல், கழியும் தடவை மாறுதல், மலத்தின் வடிவு மாறுதல் என்னும் மூன்றனுள் இரண்டேனும் உடன் நிகழ்தல் வேண்டும். பிணி தொடங்கி 6 மாதமேனும் ஆகியிருத்தலும் வேண்டும். குடலுக்கும் மூளைக்கும் உள்ள உறவில் நேரும் கோளாறுகளுள் ஒன்றாக அவ்வரையறை இதனை வைத்தெண்ணுகின்றது.

இப்பிணிக்கு நேரான பழம்பெயர் யாது? சித்த மருத்துவ அறிஞருள் சிலர் குன்மம் என்பர். சிலர் கிராணி என்பர். குன்மம் 'குல்ம' என்னும் வடசொல்லின் திரிபு. கிராணி 'கிரஹணி' என்பதன் திரிபு. முன்னையது திரட்சி என்னும் பொருளடியாகவும், பின்னையது உணவைப் பற்றி நிறுத்தும் குடற்பகுதி என்னும் பொருளடியாகவும் பிறந்தவை. மக்கள் வழக்கிலோ உளைவு, பொருமல், கழிச்சல், மலச்சிக்கல் என்னும் சொற்கள் உள்ளன. இவை பிணியின் காரணத்தைச் சுட்டாமல், நோயாளி உணர்வதையும் அவனுக்கு நிகழ்வதையுமே சுட்டுகின்றன. உரோம் வரையறையும் அவ்வாறே அமைந்தது. ஆதலின், நூற்பெயர்களினும் வழக்குப் பெயர்களே இப்பிணிக்கு அணுக்கமானவை என்பது எம் துணிபு. குன்மம் எண்வகைத்து என்பது சித்த நூல் மரபு. இரைப்பைப் புண் போன்ற வேறு பிணிகளையும் அப்பெயரால் வழங்குதலின், குன்மத்துக்குக் கூறிய மருந்தெல்லாம் இப்பிணிக்கும் ஆம் எனக் கொள்ளுதல் பொருந்தாது.

இனி, மலையுணவு பற்றிய இலக்கியச் சான்றைக் காண்போம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், செங்கண்மாத்து வேள் நன்னன் சேய் நன்னனைப் பாடியது. செங்கண்மா என்பது ஜவ்வாது மலையை அடுத்துள்ள இன்றைய செங்கம். நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு வழியிடை மக்கள் அளிக்கும் உணவுகளைப் பெருங்கௌசிகனார் விரித்துரைக்கின்றார். தினைச்சோறும், புளியும் மோரும் கலந்த உலையில் அட்ட மூங்கிலரிசிச் சோறும், அவரை விரவிய புளிங்கூழும் அவற்றுட் சில. அவ்வந்நிலத்து விளைவே அவ்வந்நிலத்தார் உணவாயிற்று என்பது இதனாற் பெறப்படும். ஆயினும், புலவர் இவற்றை விருந்தாகக் கூறினாரேயன்றி மருந்தாகக் கூறினாரல்லர். விருந்துப் பகுதியை மருந்துப் பகுதியாகக் காட்டுதல் பாட்டின் கருத்துக்கு முரணாம்.

மருந்தைத் தனி அதிகாரமாக வைத்து உரைத்தவர் வள்ளுவர். திருக்குறளின் 95 ஆம் அதிகாரத்தில் மருந்துப் பொருள் ஒன்றன் பெயரும் இல்லை என்பது கருதத்தக்கது. முன் உண்டது அற்றது அறிந்து உண்ணலும், மிகப் பசித்தபின் மாறுகொள்ளாதவற்றை உண்ணலுமே ஆண்டு வற்புறுத்தப்படுகின்றன. மாறுகொள்ளாமை என்பதற்குப் பரிமேலழகர், உண்பானது இயல்போடும், காலத்தின் இயல்போடும், உணவுகள் சுவை வீரியங்களால் தம்முள்ளும் மாறுபடாமை என மூவகையாகப் பொருள் விரித்தார். உண்பானது இயல்பு முதற்கண் வைக்கப்பட்டதனை நோக்குக. ஒருவர்க்கு ஒத்த உணவு மற்றொருவர்க்கு ஒவ்வாமையும் கூடும் என்பது இவ்வுரையின் உட்கிடை.

இயற்கை மருத்துவம் என இந்நாளில் வழங்கும் தனி நெறியோ ஐரோப்பாவிற் பிறந்தது. செருமானியராகிய லூயி கூனே இடுப்புக் குளியலையும் எளிய உணவையும் வற்புறுத்தினார். அவர் நூல் 1894 இல் தெலுங்கில் பெயர்க்கப்பட்டமை இந்நெறி இந்திய நாட்டில் பரவுதற்குத் தொடக்கமாயிற்று. மற்றொரு செருமானியராகிய அடால்ஃப் யுஸ்ட் எழுதிய நூலைக் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிற் பயின்றார். மலச்சிக்கலால் வருந்திப் பேதி மருந்து உண்டுவந்த அடிகள், ஈரமண்ணைத் துணியிற் பொதிந்து வயிற்றின்மீது இட்டு நலம் பெற்றதாகத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். 1918 இல் கடுங்கழிச்சல் கண்டபோதும் அவர் மருந்தை மறுத்தார், பட்டினியை நம்பினார், சாவின் வாயில் வரை சென்று மீண்டார். உற்றவர் ஒருவரே, நெறியும் ஒன்றே, பிணி வேறாயிற்று. நோயாளியின் அளவையும் பிணியின் அளவையும் காலத்தையும் நோக்கியே மருத்துவன் செயற்பாலன் என்னும் குறட் கருத்துக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பின்னர் 1946 இல் அடிகள் உருளிகாஞ்சனில் இயற்கை மருத்துவ நிலையம் கண்டார். சென்னையில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி 2000 இல் தோன்றியது.

இந்நாள் ஆய்வு இப்பிணிக்கு உணவு நெறியின் பயனை மறுக்கவில்லை. குடலில் நொதித்து வளி பெருக்கும் சிலவகைச் சர்க்கரைகளைக் குறைத்தல் பலர்க்கு நலந்தரும் என்பதை ஆத்திரேலிய மோனாஷ் பல்கலைக்கழகத்தார் 2014 இல் 30 நோயாளரைக் கொண்டு காட்டினர். கோதுமை, வெங்காயம், பூண்டு, பருப்பு, பால் ஆகியன அச்சர்க்கரைகள் மிக்கவை. சில வாரம் இவற்றை விலக்கி, பின் ஒவ்வொன்றாகச் சேர்த்து, தமக்கு ஒவ்வாதது இன்னதென அறிந்து அதனை மட்டும் நீக்குதலே இம்முறை. மாறுகொள்ளாதவற்றைக் கண்டறிதற்கு இது செய்முறை எனலாம். அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரியின் 2021 ஆம் ஆண்டு வழிகாட்டியும் இதனைச் சிறிது காலம் செய்து பார்க்கக் கூறுகின்றது. அவ்வழிகாட்டி இசப்கோல் போன்ற கரையும் நாரைப் பரிந்துரைக்கின்றது. கரையா நாரைப் பரிந்துரைக்கவில்லை.

இவ்வளவைகொண்டு மலையின் மூன்று பொருள்களையும் நோக்குவோம். சாமை நல்லுணவே, ஆயினும் தவிடு நீக்காத தானியத்தின் கரையா நார் சிலர்க்குப் பொருமலை மிகுவிக்கும். கடுக்காய் சிறிதளவில் துவர்ப்பால் கட்டும்; பேரளவில் மலத்தை இளக்கும்; ஆதலின் சிக்கலுடையார்க்குக் கூறும் அளவு கழிச்சலுடையார்க்குக் கேடாம். தேனிலுள்ள பழச்சர்க்கரை மேற்கூறிய நொதிக்கும் சர்க்கரைகளுள் ஒன்றாதலின், சிலர்க்கு நோயையே தூண்டும். ஆகவே 'மலையுணவு குடற்பிணி தீர்க்கும்' என்னும் பொதுக்கூற்று நிலைபெறாது. மலத்திற் குருதி, உடல் மெலிவு, காய்ச்சல், குருதிச் சோகை, உறக்கம் கலைக்கும் வலி ஆகியன காணின், அல்லது நடுவயது கடந்தபின் பிணி புதிதாகத் தோன்றின், உணவு மாற்றத்தை நம்பிக் காலந்தாழ்த்தாது மருத்துவரை அடைதல் வேண்டும். பட்டினியும் குடல் கழுவலும் அந்நிலையில் ஊறு விளைக்கும்.

பழந்தமிழ் நூல்கள் நமக்கு அளிப்பது மருந்துப் பட்டியல் அன்று. உண்பானை அறிந்து உணவை ஆராயும் முறை என்பது இதுகாறும் கூறியவற்றாற் போதரும். செய்தற்குரிய பணி ஒன்றுண்டு. 2011 இல் விலையில்லா அரிசித் திட்டம் வந்தபின் மலைவீடுகளிலும் அரிசி எளிதிற் கிட்டுவதாயிற்று. உணவு மாறுங்கால் அதனைச் சார்ந்த சொற்களும் மறைதல் இயல்பு. ஜவ்வாது மலை மக்கள் வயிற்றுப் பிணிகளுக்கு வழங்கும் சொற்களையும், எவ்வெவர்க்கு எவ்வுணவை விலக்குவர் என்னும் வழக்கையும் முதியோர்பாற் கேட்டுத் தொகுத்தல் வேண்டும். முதுகலை மாணவர் இப்பணியை மேற்கொள்வராயின் சொல்லாராய்ச்சியும் மருத்துவ வரலாறும் ஒருங்கே பயன்பெறும்.