உடைந்த கலமும் பேரேடும்

நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் அயல்நாட்டு வணிகரைக் காக்க வேண்டும் என்கிறது அது. யானை, குதிரை கொணரும் மரக்கலம் உடைந்தால் காற்கூறு அரச பண்டாரத்துக்கு, முக்காற்கூறு உடையவனுக்கு. சரக்குக் கலமாயின் சரிபாதி. பாதியைப் பறிப்பதும் நீதியோ என்று நாம் கேட்கலாம். ஆனால் முன்னைய மன்னர் கரையொதுங்கிய பொருளை முழுவதும் வாரிக்கொண்டதை 1244ஆம் ஆண்டின் மோட்டுப்பள்ளிச் சாசனம் கூறுகிறது. அந்தக் கடலில் பண்டாரத்தின் கைக்கே அளவு விதித்தது சிறு செய்தியன்று.

இணையத்திலும் இதே வழக்குத்தான். பிறருடைய முகவரித் தொகுதியைத் தன்னதென அறிவித்து, அங்கே செல்லும் தகவலைத் தன்பால் இழுப்போர் உளர். அவர்களை முகவரி வழங்கும் பதிவகங்கள் தண்டிக்கலாமா? 2019இல் ஐரோப்பியப் பதிவகமான ‘ரைப்’பில் இதற்கொரு முன்மொழிவு எழுந்தது, எதிர்ப்பு மிகவே அவ்வாண்டே மீட்டுக்கொள்ளப்பட்டது. பதிவகம் கணக்கப்பிள்ளையேயன்றிக் காவலனல்ல என்றனர். பிழையையும் களவையும் பிரித்தறிவது அரிது என்பது இன்னும் வலிய வாதம்: 2008இல் பாகிஸ்தான் டெலிகாம் உள்நாட்டில் யூடியூபைத் தடுக்க விடுத்த அறிவிப்பு எல்லை கடந்து, உலகெங்கும் அத்தளத்தை முடக்கியது.

மெய்தான். ஆயினும் உடைமையைப் பேரேட்டில் எழுதிவிட்டு, அது பறிபோகையில் வாளாவிருக்கும் கணக்கப்பிள்ளையால் சிறுநாட்டு வலையமைப்புக்கு என்ன பயன்? எண்ணிச் செய்த களவு மெய்ப்பிக்கப்பட்டால் தண்டனை வேண்டும். தண்டிக்கும் பதிவகம் எதைப் பறிக்கலாம், எதைத் தொடலாகாது என்பதும் அதே விதியில் எழுதப்பட வேண்டும்.