ரெண்டிலேயும் ரெண்டு கண்ணாடிதான்



"சார், ரெண்டிலேயும் ரெண்டு கண்ணாடிதானே இருக்கு? ஒண்ணு நிலாவைக் காட்டுது, இன்னொண்ணு கொசுவோட காலைக் காட்டுது. அது எப்படி சார்?" என்று ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான்.

மலாக்காவில் செங்கட்டடம் எழுப்பிய டச்சுக்காரர்களின் நாட்டில், 1608-இல், லிப்பர்ஷே என்ற மூக்குக்கண்ணாடி செய்பவர் தொலைநோக்கிக்கு உரிமை கேட்டு விண்ணப்பித்தார். கலிலியோ தாமும் ஒன்று செய்து, 1610-இல் வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டார். நுண்ணோக்கியும் ஏறக்குறைய அதே காலத்தில் பிறந்ததுதான்.

வித்தியாசம் முன்வில்லையில் இருக்கிறது. தொலைநோக்கியின் முன்வில்லை அகலமானது. குவியத் தூரமும் நீளம். தொலைவிலிருந்து வரும் ஒளியை வாரி எடுத்து, குழாய்க்குள் சின்னப் பிம்பமாக விழச் செய்யும். கண்வில்லை அதைப் பெரிதாக்கும். முன்வில்லையின் குவியத் தூரம் 100 சென்டிமீட்டர், கண்வில்லைக்கு 5 என்றால் 20 மடங்கு. (கலிலியோவின் கண்வில்லை குழிவில்லை. நான் சொல்வது 1611-இல் கெப்ளர் விளக்கிய அமைப்பு.)

நுண்ணோக்கியின் முன்வில்லையோ மிகச் சிறியது. குவியத் தூரம் சில மில்லிமீட்டர்தான். பொருளைக் குவியத்துக்குச் சற்று வெளியே வைத்தால், விழும் பிம்பமே 40 மடங்கு பெரிதாகிவிடும். கண்வில்லை அதை மேலும் 10 மடங்காக்க, மொத்தம் 400.

தோட்டத்து மக்களுக்கு உயிர் கொடுத்தது இந்த இரண்டாவது கருவிதான். 1896-இல் நம் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்டார். மறு ஆண்டு, ஆகஸ்ட் 20-ஆம் நாள், இந்தியாவில் செகந்தராபாத்தில் டாக்டர் ரொனால்டு ராஸ் ஒரு கொசுவின் வயிற்றை அறுத்து நுண்ணோக்கியில் வைத்தார். வியர்வை பட்டுத் திருகாணிகள் துருப்பிடித்திருந்தன, கண்வில்லையில் கீறல், கொசு பறந்துவிடும் என்று விசிறியும் போடவில்லை. அந்த நிலையில்தான் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதுவரை, கெட்ட காற்றுதான் காய்ச்சலைக் கொண்டு வருகிறது என்று நம்பியவர்கள் ஏராளம்.

1901-இல் கிள்ளானில் டாக்டர் வாட்சன் சதுப்பு நீரை வடியவிட்டார், காய்ச்சல் குறைந்தது. ஆனால் மேட்டுத் தோட்டங்களில் அது பலிக்கவில்லை. அங்கே காடு வெட்டி வெயில் பட்ட ஓடையில் வளரும் கொசு வேறு இனம். அதற்குத்தான் ஓடையில் எண்ணெய் தெளித்தார்கள். லயத்திலே பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். தோளில் எண்ணெய் டப்பாவோடு கால்வாய் ஓரமாக நடந்தவர்கள், கசக்கும் கொய்னாவை விழுங்கியவர்கள், டிரஸ்ஸர் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிக்கொண்டு போனதைச் சொல்வார்கள்.