கழுத்திலிருந்து கணுவுக்கு: மேலறை நடுக்கமும் வேகஸ் நரம்பும்

இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நிமிடத்துக்கு 350 முதல் 600 தடவை வரை படபடப்பதை மேலறை நடுக்கம் என்கிறோம். அத்தனை அலைகளும் கீழறைகளுக்கு இறங்கினால் உயிர் தங்காது. இடையில் இருக்கும் ஏ.வி. கணு பெரும்பாலானவற்றை மறித்துவிடுகிறது. அப்படியும் நாடி 120, 150 என்று ஓடும். கணுவின் பிடியை இன்னும் இறுக்கும் வல்லமை, மூளையிலிருந்து கழுத்து வழியே இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்புக்கு உண்டு.

1845-இல் எர்ன்ஸ்ட் வெபர், எட்வர்ட் வெபர் என்ற ஜெர்மானியச் சகோதரர்கள் இந்த நரம்பில் மின்சாரம் பாய்ச்சி இதயத்தை நிறுத்திக் காட்டினார்கள். நரம்பு என்றால் இயக்குவது என்று நம்பியிருந்த உடலியலாளர்களுக்கு, அடக்கும் நரம்பும் உண்டு என்பது புதிய செய்தி. அந்த அடக்கம் ஒரு வேதிப்பொருளின் வழியே நடக்கிறது என்பதை 1921-இல் ஆட்டோ லோவி தவளை இதயங்களில் நிறுவினார். அசிட்டைல்கோலின்தான் அது.

மருத்துவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே, காரணம் தெரியாமல், இந்த நரம்பைப் பயன்படுத்தி வந்தார்கள். 1785-இல் வில்லியம் விதரிங் எழுதிய நூலால் பரவிய டிஜிட்டாலிஸ், கணுவைத் தாமதப்படுத்துவது பெரிதும் வேகஸ் வழியாகத்தான். அந்த மருந்து சாப்பிடுபவரின் நாடி உட்கார்ந்திருக்கும்போது அடங்கியிருந்து, மாடிப்படி ஏறியதும் எகிறுவதும் அதனால்தான். உடல் உழைக்கும்போது வேகஸ் தளர்ந்துவிடுகிறது.

அப்படியானால் நரம்பையே நேரடியாகத் தூண்டலாமே? இந்த வரலாற்றின் முடிச்சு இங்கே இருக்கிறது. கணுவை அடக்கும் அதே வேகஸ், மேலறைத் தசை ஒரு துடிப்புக்குப் பின் மறு துடிப்புக்குத் தயாராகும் இடைவெளியைக் குறுக்குகிறது. இடைவெளி குறுகினால் சிதறிய அலைகள் சுற்றிச் சுற்றி ஓட இடம் கிடைக்கும். நாய்களில் நடுக்கத்தை நீடிக்க வைக்க வேண்டிய ஆய்வாளர்கள் வேகஸைத்தான் தூண்டினார்கள். இரவு உறக்கத்திலும் உணவுக்குப் பின்னும் வேகஸ் ஓங்கும் நேரத்தில் நடுக்கம் தொடங்கும் நோயாளிகளை 1978-இல் பாரிஸின் பிலிப் கூமெல் தனி வகையாக விவரித்தார். கீழறைக்கு நன்மை செய்யும் நரம்பே மேலறைக்குத் தீங்கு செய்தது.

முழு நரம்பை விட்டுவிட்டு அதன் ஒரு கிளையைத் தேடியபோதுதான் வழி பிறந்தது. 1973-இல் லஸாரா குழுவினர், துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவுக்கும் ஏ.வி. கணுவுக்கும் போகும் வேகஸ் இழைகளைத் தனித்தனியே தூண்ட முடியும் என்று நாய்களில் காட்டினர். ஏ.வி. கணுவுக்கான நரம்பணுக்கள் இடது மேலறை கீழ்ப்பெருஞ்சிரையைத் தொடும் இடத்தில், ஒரு சிறு கொழுப்புத் திட்டுக்குள் கிடந்தன. நெஞ்சைத் திறக்காமல் சிரை வழியே கதீட்டரைச் செலுத்தி அந்த நரம்புகளை எட்டலாம் என்பதை ஷாவர்ட்டே குழுவினர் 1999-இல் விலங்குகளிலும் 2001-இல் மனிதர்களிலும் உறுதிசெய்தனர்.

என் பார்வையில், மிகக் கனமான சான்று 2002-இல் கிளீவ்லாந்தில் மஸ்கலேவ் குழுவினர் செய்த ஒப்பீடு. மருந்துக்கு அடங்காத நாடிக்கு 1982 முதல் இருந்த வழி, கணுவையே சுட்டழித்துவிட்டு வாழ்நாள் முழுவதும் பேஸ்மேக்கரை நம்பியிருப்பது. அது தரும் துடிப்பு கடிகாரம்போல் சீரானது. கொழுப்புத் திட்டைத் தூண்டினால் வேகம் குறையும், ஒழுங்கின்மை நீடிக்கும். ஆனாலும் நாய்களில் இரத்த ஓட்டம் இதில்தான் மேம்பட்டிருந்தது. துடிப்பு ஒழுங்கற்றதாயினும் இயற்கையான பாதையில் இறங்கி, கீழறைகளை ஒருசேரச் சுருங்க வைத்தது. சீரைவிடப் பாதை முக்கியம் என்ற இந்த முடிவுக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

கொழுப்புத் திட்டைத் தூண்டும் இம்முறை இன்றும் அன்றாடச் சிகிச்சை ஆகவில்லை. ஓய்வில் நாடி 110-க்குக் கீழ் இருந்தாலே பலருக்குப் போதும் என்று 2010-இல் வெளிவந்த 'ரேஸ் 2' ஆய்வு காட்டியது, அவசரத்தைக் குறைத்திருக்கலாம்.

ஆராய்ச்சி இதற்கிடையே வேறு பக்கம் நகர்ந்தது. நாடியின் வேகத்தைக் குறைக்காத அளவு மெல்லிய தூண்டல், நடுக்கத்தைத் தூண்டாமல் தடுக்கிறது என்று ஓக்லஹோமா குழுவினர் கண்டனர். 2020-இல் அவர்கள் வெளியிட்ட சோதனையில் 53 பேர் ஆறு மாதம், தினமும் ஒரு மணி நேரம், காதில் சிறு கிளிப்பை மாட்டிக்கொண்டார்கள். வேகஸின் ஒரு கிளை காதுமடல் வரை வருகிறது. உண்மையான தூண்டல் பெற்றவர்களிடம் நடுக்கத்தின் சுமை, பொய்த்தூண்டல் பெற்றவர்களைவிட 85 சதவீதம் குறைந்திருந்தது.