கடலூரும் சிதம்பரமும்: ஊர் வரலாறும் ஊராரும்

கடலூர் மாவட்டத்தின் இரு முக்கிய நகரங்கள் கடலூரும் சிதம்பரமும். கோட்டை, துறைமுகம், கச்சேரி, சிறை ஆகியவற்றைச் சுற்றி வளர்ந்தது கடலூர். சிதம்பரத்துக்கு நடராசர் கோயிலும் பின்னர் கல்விக்கூடங்களும் ஆதாரம். இவ்வூர்களின் வரலாற்றில் இடம்பெறுபவர்களில் பலர் மண்ணின் மைந்தர்கள் அல்லர். பணிமாற்றம், வழிபாடு, படிப்பு, கைது என ஏதோவொரு காரணத்தால் இங்கு வந்து சேர்ந்தவர்கள்.

கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் மராத்தியரிடம் வாங்கியது. கோட்டையிலிருந்து சுட்டால் பீரங்கிக் குண்டு விழும் தொலைவு வரையுள்ள ஊர்களும் விலையில் அடங்கும் என்பது பேச்சு. கம்பெனியார் விவரமானவர்கள், வெகுதூரம் சுடும் பீரங்கியாகப் பார்த்துச் சென்னையிலிருந்து அனுப்பிவைத்தனர். எல்லைக்குள் வந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்னும் பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன. செயின்ட் டேவிட் கோட்டை எனப்பட்ட இக்கோட்டை, 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் வீழ்ந்தபின் 1752 வரை ஆங்கிலேயரின் தலைமையிடமாக இருந்தது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை அதை இடித்தது.

பின்னாளில் தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகரான கடலூரில் அதிகாரிகளும் வக்கீல்களும் குடியேறினர். இங்கு வழக்கறிஞராக இருந்த அ. சுப்பராயலு ரெட்டியார் 1920 டிசம்பரில் சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சரானார். தாசில்தார் ஒருவரின் மகனாகக் கடலூரின் திருப்பாதிரிப்புலியூரில் 1906 ஏப்ரல் 25 அன்று பிறந்தவர் புதுமைப்பித்தன். குடும்பத்தின் பூர்விகம் திருநெல்வேலி. நகரின் மற்றொரு பகுதியான மஞ்சக்குப்பத்தில் 1934 ஏப்ரல் 24 அன்று பிறந்த ஜெயகாந்தன், 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதைப் பெற்றார். தமிழ்ச் சிறுகதையின் இரு பெரும் பெயர்கள் ஒரே நகரத்தில் பிறந்திருப்பதைக் கடலூர்க்காரர்கள் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லிக்கொள்ளலாம்.

புதுச்சேரியிலிருந்து வெளியேறிய பாரதியார் 1918 நவம்பர் 20 அன்று கைதாகிக் கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார். டிசம்பர் 14 அன்று விடுதலையானார். கடலூர் முதுநகரில் 1890இல் பிறந்த விடுதலைப் போராட்ட வீரர் அஞ்சலையம்மாளின் சிறைவாசமோ நெடியது. 1927இல் சென்னையில் ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்தில் சிறுமியான மகள் அம்மாக்கண்ணுவுடன் கலந்துகொண்டு சிறை சென்றார். அச்சிறுமிக்கு லீலாவதி எனப் பெயரிட்டு வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துச் சென்றார் காந்தி. 1932இல் அஞ்சலையம்மாள் கருவுற்ற நிலையில் வேலூர்ச் சிறைக்கு அனுப்பப்பட்டார். பிரசவத்துக்காக வெளியே விடப்பட்டவர், குழந்தை பிறந்த இரண்டு வாரத்துக்குள் மீண்டும் சிறைக்குப் போனார். 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினரானார்.

சிதம்பரத்தில் 1864இல் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்டோர் படிப்பதற்காக 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவியவர், ஆரணிப் பகுதியிலிருந்து வந்த சுவாமி சகஜானந்தர். கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவராகச் சொல்லப்படும் நந்தனாரின் பெயரைப் பள்ளிக்கு வைத்ததில் சகஜானந்தரின் நோக்கம் தெளிவாகத் தெரிகிறது. அண்ணாமலைச் செட்டியார் 1920இல் தொடங்கிய மீனாட்சி கல்லூரி, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக விரிந்தது. திராவிட இயக்கத் தலைவர்களான இரா. நெடுஞ்செழியனும் க. அன்பழகனும் அங்கு பயின்றவர்கள். 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது அதன் மாணவர் இராசேந்திரன் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலார், 1867இல் வடலூரில் தருமசாலையை நிறுவி அன்னதானத்தைத் தொடங்கினார். தென்னாற்காடு 1993 செப்டம்பரில் பிரிக்கப்பட்டபோது கடலூரைத் தலைநகராகக் கொண்ட பகுதிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. சில ஆண்டுகளில் மாவட்டங்களுக்குத் தலைவர்களின் பெயரிடும் வழக்கத்தை அரசு கைவிட்டதால் அது கடலூர் மாவட்டமாயிற்று. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியும் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும் இக்கடற்கரையைத் தாக்கின. நகராட்சியாக இருந்த கடலூர் 2021இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது.