பாலக்காட்டு நீதிபதியும் முன்விடுதலைச் சட்டமும்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கிழக்கே சிறிது தொலைவு சென்றால் தமிழ்நாடு தொடங்கிவிடும். சித்தூர் வட்டத்தின் இப்பகுதியில் தமிழ் பேசுவோர் பெருமளவில் வாழ்கின்றனர். அவர்களுக்கு உறவும் தொழிலும் எல்லையின் இருபுறமும் உண்டு. வழக்குகளும் அவ்வாறே அமைகின்றன. இவ்வூரார் ஒருவருக்குக் கோவை நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தால், அவரது முன்விடுதலையைத் தமிழ்நாடு அரசு முடிவு செய்யும். பாலக்காட்டு நீதிமன்றம் விதித்தால், அம்முடிவு கேரள அரசுடையது. அவர் பிறந்த ஊரோ பேசும் மொழியோ இதில் கணக்கில் வாரா.

அமெரிக்காவில் கூட்டாட்சி அரசுக்கெனத் தனிச் சிறைகளும் தனி விதிகளும் உண்டு. இந்தியாவின் நிலை வேறு. அரசமைப்பின் ஏழாம் அட்டவணை, சிறைகளை மாநிலப் பட்டியலில் வைத்துள்ளது. தமிழ்நாட்டில் 1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டமும் 1983ஆம் ஆண்டின் சிறை விதிகளும் வழிகாட்ட, கேரளம் 2010இல் தனக்கெனப் புதிய சிறைச் சட்டம் இயற்றிக்கொண்டது. ஆயினும் இருமாநிலச் சிறைவாசிகளுக்கும் பொதுவான உரிமைகள் சில உள்ளன. அவற்றுள் பலவற்றின் வரலாறு பாலக்காட்டில் பிறந்த ஒருவரின் பெயரோடு இணைந்தது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வெல்லை வேறுவிதமாக இருந்தது. சித்தூர் கொச்சி அரசரின் ஆட்சியில் இருந்தது. அதைச் சூழ்ந்த மலபாரும் கோயம்புத்தூரும் சென்னை மாகாணத்தின் மாவட்டங்கள். 1908 ஜூலை 7 அன்று வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்த அவர், பின்னர் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டு, 1912 டிசம்பரில் விடுதலையானார். கோவையும் கண்ணனூரும் அன்று ஒரே மாகாண அரசின் சிறைகள். தண்டனைக் கழிவு என்பது அன்று நன்னடத்தைக்கு அரசு அளிக்கும் சலுகை மட்டுமே. அதைக் கேட்டுப் பெறும் உரிமை கைதிக்கு உண்டு என எவரும் கருதவில்லை.

இக்கருத்தை மாற்றியவர்களுள் முதன்மையானவர் வி.ஆர்.கிருஷ்ணய்யர். 1915 நவம்பர் 15 அன்று பாலக்காட்டை அடுத்த வைத்தியநாதபுரத்தில், தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் பயின்று, தலைச்சேரியில் வழக்குரைஞரானார். பொதுவுடைமையாளர்களுக்குச் சட்ட உதவி செய்தார் என்னும் குற்றச்சாட்டில் 1948இல் ஏறத்தாழ ஒரு மாதம் சிறையில் அடைக்கப்பட்டார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1957இல் அமைந்த கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்டத்தோடு சிறைத் துறையையும் அவரே ஏற்றார். சிறையைக் கைதியாகவும் அமைச்சராகவும் அறிந்தவராகவே 1973இல் அவர் உச்ச நீதிமன்ற நீதிபதியானார்.

1978 ஆகஸ்டில் வெளிவந்த ஹோஸ்கோட் வழக்கின் தீர்ப்பு, தண்டிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பின் நகலை உடனே, கட்டணமின்றி வழங்க வேண்டும் என்றது. வழக்குரைஞரை அமர்த்த வசதியற்றவருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு என்றும் கூறியது. அக்காலத்திலேயே திகார் சிறையிலிருந்து சுனில் பத்ரா என்னும் மரண தண்டனைக் கைதி, சக கைதி ஒருவர் வதைக்கப்பட்டதை விவரித்து உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். நீதிமன்றம் அக்கடிதத்தையே மனுவாக ஏற்றது. சிறை வாயிலோடு அடிப்படை உரிமைகள் நின்றுவிடுவதில்லை என்பது 1979 டிசம்பர் 20 அன்று வெளிவந்த அத்தீர்ப்பின் சாரம். சிறைகளில் குறைகேட்புப் பெட்டிகள், மாவட்ட நீதிபதிகளின் பார்வையிடல் ஆகியவற்றோடு, கைதிகளின் உரிமைகளைக் கூறும் கையேட்டை இந்தியில் அச்சிட்டு வழங்கவும் அது பணித்தது. திகார் கைதிகளுக்குப் புரியும் மொழி இந்தி என்பதே அதன் காரணம். மலையாளத்தில் விதிகள் எழுதப்பட்ட சிறையில் இருக்கும் தமிழருக்கு இந்தக் காரணத்தின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

முன்விடுதலையைப் பற்றிய சட்டம் இதைவிடக் கடினமானது. ஆயுள் தண்டனை என்றால் பதினான்கு ஆண்டுகள் என்பது மக்களிடையே பரவலாக உள்ள நம்பிக்கை. அது பிழை. ஆயுள் தண்டனை வாழ்நாள் முழுமைக்குமானது என்பதை 1961இல் கோபால் கோட்சே வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பதினான்கு என்னும் எண்ணுக்குச் சட்டத்தில் உள்ள பொருள் வேறு. 1978 டிசம்பர் 18 முதல் நடைமுறைக்கு வந்த 433அ பிரிவின்படி, மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றவர், பதினான்கு ஆண்டுகளை உண்மையாகவே சிறையில் கழித்தாக வேண்டும். நன்னடத்தையால் ஈட்டிய கழிவு நாட்கள் அக்கணக்கில் சேரா. ஆக, பதினான்கு ஆண்டுகள் முடிந்தால் விடுதலை குறித்த பரிசீலனைக்கு வழி திறக்கிறது. விடுதலை தானாகக் கிடைப்பதில்லை.

இப்பிரிவை எதிர்த்து நாடெங்குமிருந்து கைதிகள் தொடுத்த வழக்கே மாரு ராம் வழக்கு. ஐவர் அமர்வின் பெரும்பான்மைத் தீர்ப்பைக் கிருஷ்ணய்யர் எழுதினார். அது 1980 நவம்பர் 11 அன்று வெளியாயிற்று. அடுத்த சில நாட்களில் அவர் ஓய்வுபெற்றார். கைதிகளின் நீதிபதி எனப் பெயர்பெற்ற அவர், அவ்வழக்கில் கைதிகள் கேட்டதைத் தரவில்லை. 433அ செல்லும் என்றார். ஆனால் அது நடைமுறைக்கு வருமுன் தண்டிக்கப்பட்டவர்களை அது கட்டுப்படுத்தாது என்றும், அரசமைப்பின் 72, 161 ஆகிய உறுப்புகள் குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் அளிக்கும் மன்னிப்பு அதிகாரத்தை எந்தச் சட்டமும் குறைக்க முடியாது என்றும் தீர்ப்பில் எழுதினார். அவ்வதிகாரத்தை ஆளுநர் தம் விருப்பப்படி செலுத்துவதில்லை, அமைச்சரவையின் அறிவுரைப்படியே செலுத்த வேண்டும் என்பதும் அத்தீர்ப்பில் உறுதியாயிற்று.

அத்தீர்ப்பின் முழுப் பயன் தெரிய நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயின. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட எழுவரையும் விடுவிக்கத் தமிழ்நாடு அமைச்சரவை 2018 செப்டம்பர் 9 அன்று பரிந்துரைத்தது. ஆளுநர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முடிவெடுக்காமல், 2021 ஜனவரியில் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். அமைச்சரவையின் அறிவுரை ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்பதற்கு மாரு ராம் தீர்ப்பை எடுத்துக்காட்டிய உச்ச நீதிமன்றம், 142ஆம் உறுப்பின்கீழ் 2022 மே 18 அன்று பேரறிவாளனை விடுவித்தது. எஞ்சிய அறுவரும் 2022 நவம்பர் 11 அன்று விடுதலை பெற்றனர். மாரு ராம் தீர்ப்பு வெளிவந்து அன்றோடு நாற்பத்திரண்டு ஆண்டுகள் நிறைந்திருந்தன.

எந்த அரசு முடிவு செய்ய வேண்டும் என்னும் கேள்விக்கும் இப்போது தெளிவான விடை உண்டு. பில்கிஸ் பானு வழக்கில் குற்றம் நடந்தது குசராத்தில். விசாரணை நடந்ததும் தண்டனை விதிக்கப்பட்டதும் மகாராட்டிரத்தில். தண்டிக்கப்பட்ட பதினொருவரைக் குசராத் அரசு 2022 ஆகஸ்டில் விடுவித்தது. தண்டனை விதித்த நீதிமன்றம் அமைந்த மாநிலத்துக்கே அந்த அதிகாரம் எனக் கூறி, 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அவ்விடுதலையை நீக்கியது. அவர்கள் மீண்டும் சிறை சென்றனர். தவறான அரசிடமிருந்து பெற்ற விடுதலை நிலைக்காது என்பதை எல்லைப்புறத்தார் கருத்தில் கொள்ள வேண்டும்.

நடைமுறையில் சிறைவாசியின் குடும்பம் முதலில் அறிய வேண்டியவை மூன்று. தண்டனை விதித்த நீதிமன்றம் எந்த மாநிலத்தது? தண்டனை விதிக்கப்பட்ட நாளில் அம்மாநிலத்தில் நடைமுறையிலிருந்த முன்விடுதலைக் கொள்கை யாது? பின்னர் வந்த கொள்கை அதைவிடத் தளர்வானதா? தண்டனை நாளின் கொள்கையே பொருந்தும், பின்வந்தது தளர்வானதாயின் அதன் பயனும் கிட்டும் என்பது 2010இல் அரியானா வழக்கொன்றில் உறுதியான விதி. கேரளத்தில் 26 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த ஓர் ஆயுள் சிறைவாசியை 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவித்தபோதும், தண்டனை நாளின் விதிகளே முதன்மையாகப் பேசப்பட்டன.

2024 ஜூலை 1 முதல் பழைய 432, 433அ பிரிவுகள் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 473, 475 என எண் மாறியுள்ளன. முன்விடுதலைக் கொள்கை உள்ள மாநிலங்களில், தகுதி பெற்ற சிறைவாசி விண்ணப்பிக்காவிட்டாலும் அரசு தானே பரிசீலிக்க வேண்டும் என 2025 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. காவலில் உள்ள எவருக்கும் 1987ஆம் ஆண்டின் சட்டப்படி இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பாலக்காட்டிலும் கோவையிலும் அந்த ஆணைக்குழுக்கள் இயங்குகின்றன. கொழிஞ்சாம்பாறையின் குடும்பம் எதை நாட வேண்டும் என்பதைச் சிறைவாசியின் கையிலுள்ள தீர்ப்பு நகலின் முதல் பக்கமே சொல்லிவிடும்.